மிக்ஸியைக் கழற்றிய பையன்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இது என் முதல் கடிதம். என் மகன் பத்தாம் வகுப்பில் 500க்கு 468 எடுத்தான். அதோடு படிப்பின் மேல் இருந்த பிடிப்பே விட்டுப்போனது போல் இருக்கிறது. இப்போது ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. காலை நாலரைக்கு எழுப்பி, இரவு பத்தரை வரை உட்கார வைக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் போன், இல்லாவிட்டால் தூக்கம். ஈரோடு புத்தகத் திருவிழாவில் விஞ்ஞானிகள் வரலாறு, பொது அறிவு என்று மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தேன். உறையைக்கூடப் பிரிக்கவில்லை. போன விடுமுறையில் அவன் செய்த ஒரே காரியம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் பரப்பி வைத்ததுதான். என்னிடம் நல்ல திட்டு வாங்கினான். இந்த வயதுப் பிள்ளைக்கு அறிவின் மேல் ஆசை வர என்ன செய்ய வேண்டும்? எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம்?

ம., பெருந்துறை

அன்புள்ள ம.,

இப்போதைக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். புத்தகம் எழுதிப் பிழைப்பவன் இப்படிச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. ஓடாத மிக்ஸியைக் கழற்றுகிறவன் பழுது பார்க்கிறான். நன்றாக ஓடுவதைக் கழற்றுகிறவனுக்கு, அது எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை. "உள்ளே என்னடா இருந்தது?" என்று அன்றைக்கு வீட்டில் யாராவது அவனைக் கேட்டீர்களா?

கேட்டிருந்தால் ஒருவேளை இரண்டு சிறு கரித் துண்டுகளைக் காட்டியிருப்பான். கடைக்காரர்கள் கார்பன் பிரஷ் என்பார்கள். சுழலும் பகுதியிலுள்ள செம்புப் பட்டைகளை இருபுறமும் உரசியபடி அதற்கு மின்சாரத்தைக் கொடுப்பவை அவை. விளக்கை அணைத்துவிட்டு மிக்ஸியை ஓட்டி, காற்றுத் துளை வழியே பார்த்தால் நீலப் பொறி பறப்பது தெரியும். அந்த உரசலில் எழுவதுதான். தேயத் தேய மாற்ற வேண்டும். ஆனால் கண்டென்சர் வைத்த சாதாரண மின்விசிறியில் இந்தக் கரித் துண்டே கிடையாது. அதில் சுழலும் பகுதிக்கு ஒரு கம்பிகூடப் போவதில்லை. பிறகு அதைச் சுழற்றுவது எது? 1831இல் விஞ்ஞானி ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலில் விடை இருக்கிறது: மாறும் காந்தப்புலம், கம்பி தொடாமலே பக்கத்து உலோகத்தில் மின்சாரத்தை எழுப்பும். அடுத்த ஆண்டு அவன் படிக்கப்போகும் இயற்பியல் பாடத்திலும் இருக்கிறது, ஐந்து மதிப்பெண் வினாவாக. அதை நீங்கள் அவனிடம் சொல்லிவிட வேண்டாம். "மிக்ஸி இந்தக் கத்து கத்துகிறதே, ஃபேன் ஏன் கத்துவதில்லை?" என்று சாப்பிடும்போது கேட்டுவிட்டு ரசம் ஊற்றப் போய்விடுங்கள்.

நீங்கள் வாங்கி வைத்த மூவாயிரம் ரூபாய்ப் புத்தகங்களில் இருப்பவையெல்லாம் அவன் கேட்காத கேள்விகளுக்கான பதில்கள். எனக்கு இதைச் சொல்லத் தகுதி உண்டு. என் மகளுக்குப் பதினான்கு வயதானபோது முப்பது நூல்களின் பட்டியல் ஒன்றை என் கையாலேயே எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. ஓராண்டு கழித்து ஒரு சிறு கோயிலில் கல்வெட்டு ஒன்றை வாசிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன். அலுப்போடு பார்த்துக்கொண்டு நின்றவள், தன் போனில் விளக்கை ஏற்றிச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தாள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து, பக்கவாட்டு ஒளியில் நிழல் விழுந்து எழும்பி வந்தது. 'காந்தளூர்ச் சாலை' என்று அவள்தான் முதலில் வாசித்தாள். "எந்த ராஜா?" என்றாள். அப்பாவுக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருப்பது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பெயர் ராஜராஜ சோழனின் புகழ் பாடும் கல்வெட்டு வரியில் வருவது என்று அவளே கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கடினம் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

பறவையியலாளர் சாலிம் அலியின் கதை உங்களுக்கு உதவலாம். 1896இல் பிறந்தவர். பெற்றோரை இழந்து மும்பையில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். சுமார் பத்து வயதில் பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. 'அதெல்லாம் எதற்கு உனக்கு' என்று அவர் துரத்தவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்டு குருவியை அடையாளம் சொன்னதோடு விடவில்லை, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நான் அதிகம் நினைத்துக்கொள்வது மில்லார்டை விட அந்த மாமாவைத்தான். அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். பெருந்துறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை இல்லாமலா போய்விடும்? அடுத்த விடுமுறையில் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, நாலு நாள் அங்கே உட்கார விடுங்கள்.

தூக்கத்தையும் போனையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். தூக்கத்தை வெளியே எடுத்துவிடுங்கள். பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவில் தூக்கம் தாமதமாக வரும், காலையில் தாமதமாகத்தான் கலையும். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் இதைக் காரணம் காட்டித்தான், இவ்வயதினருக்கான பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014இல் பரிந்துரைத்தது. உங்கள் பையனுக்கு விடுதியில் கிடைப்பது ஆறு மணி நேரம். விடுமுறையில் அவன் தூங்குவது கடன் அடைப்பது. பள்ளியில் பேசிப் பாருங்கள். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் பேசுங்கள். வீட்டிலாவது எழுப்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மிக்ஸியோ மின்விசிறியோ, இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். விசிறியின் கண்டென்சர் நிறுத்திய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அதைத் தனியே தொடக் கூடாது. காயில் கடைக்காரர் இதை என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்.

மிக்ஸியை அவன் திரும்ப மாட்டினானா, இப்போது ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை அறிய ஆவலாக இருக்கிறேன்.