நாய்க்குட்டிக்கும் பூனைக்கும் ஒரே பூச்சி மாத்திரை போதுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தோப்பு வீட்டில் இருக்கிறோம். எங்கள் நாட்டு நாய் நாலு குட்டி போட்டு ஒரு மாதம் ஆகிறது. குட்டிகளுக்கு வயிறு மட்டும் உப்பியிருக்கிறது, முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. பூனைக்குப் பின்பக்க முடியில் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. ஆட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டில் இருக்கிறது, அதிலேயே கொஞ்சம் ஊற்றிவிடு என்கிறார் மாமனார். மருந்துக் கடையில் நாய் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, பூனைக்கும் இதில் பாதி கொடுங்கள் என்றார்கள். மூன்று வயதுப் பையன் வேறு இருக்கிறான். எதை, எவ்வளவு, எத்தனை தடவை கொடுப்பதுங்க டாக்டர்?

பதில்: முதல் வேலையாக அந்த ஆட்டு மருந்தைக் கொட்டகையிலேயே கொண்டுபோய் வைத்துவிடுங்கள் அம்மணி. மாமனார் கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடலாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் விற்கிற பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். அல்பெண்டசோலாக இருந்தால் நாய் பூனைக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைத்துவிடக்கூடும். குளோசன்டெல் கலந்ததாக இருந்தால் நாய்க்குக் கண் பார்வையே போகலாம். ஐவர்மெக்டினில் சிக்கல் அளவுதான். மாட்டுக்குப் போடுகிற ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்கக் கொடுப்பதோ கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஆறு பங்கு. இதைப் பாட்டில் மூடியில் ஊற்றி யாராலும் அளக்க முடியாது. அங்கன்வாடியில் பையனுக்குக் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரை வீட்டில் மிச்சம் கிடந்தாலும் அதுவும் வேண்டாம்.

சரி, குட்டிகளுக்கு வருவோம். அவசரம் அங்கேதான்.

நீங்கள் சொல்கிற உப்பிய வயிறும் துருத்திய முதுகும் பெரும்பாலும் உருண்டைப்புழுதான். இது குட்டி மண்ணைத் தின்று வந்ததில்லை. தாய் நாயின் தசைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் இளம்புழுக்கள் சினை கடைசியில் விழித்து, தொப்புள்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும், பிறந்த பிறகு பாலிலும் இறங்கும். அதனால் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் நாட்டு நாய்க்குட்டி பிறக்கும்போதே புழுவோடு பிறக்கிறது என்றே நாங்கள் வைத்துக்கொள்வோம், சோதித்துப் பார்க்கக்கூடக் காத்திருப்பதில்லை. இரண்டு வாரத்தில் முதல் டோஸ், பிறகு நாலு, ஆறு, எட்டு வாரங்களில், அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. உங்கள் குட்டிகளுக்கு இரண்டு டோஸ் ஏற்கெனவே தவறிவிட்டது. பரவாயில்லை, இன்று தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை தடவை? இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஒரு மாத்திரை கொடுத்துப் புழு விழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். குட்டிகளுக்குக் கொடுக்கிற மருந்து அன்றைக்குக் குடலுக்குள் இருக்கிற புழுவைத்தான் கொல்லும். நுரையீரலில் ஏறிக்கொண்டிருப்பதையும் தசையில் கிடப்பதையும் நாளைக்குப் பாலில் வரப்போவதையும் அது தொடாது. அவை குடலுக்கு இறங்கி, வளர்ந்து, முட்டை போடுவதற்கு முன்னால் அடுத்த டோஸ் உள்ளே போக வேண்டும், அந்தக் கணக்கில் வந்ததுதான் இரண்டு வாரம். எந்தக் கம்பெனி மருந்து உசத்தி என்று கேட்டு எனக்கு நிறையப் பேர் போன் செய்கிறார்கள், அடுத்த டோஸ் தேதியைக் காலண்டரில் குறித்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால் அந்தப்பக்கம் சத்தமே இருக்காது.

குட்டிகளுக்கு மாத்திரை வேண்டாம், சிரப் வாங்குங்கள். பைரன்டெல் மட்டும் உள்ளதும் கிடைக்கும், பைரன்டெல்லோடு ஃபெபன்டெல் சேர்ந்ததும் கிடைக்கும், இரண்டுமே குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளும். சேர்ந்து வருகிற குட்டி சிரப்பில் கிலோவுக்கு 1 மில்லி என்பது வழக்கமான அளவு, ஆனால் செறிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், ஆகவே உங்கள் கையில் இருக்கிற பாட்டிலின் லேபிள் சொல்வதுதான் கணக்கு. நாலு குட்டியையும் தனித்தனியாக எடை போடுங்கள். மளிகைக் கடைத் தராசே போதும், ஒரு தட்டக்கூடையில் வைத்துப் பார்த்துக் கூடையின் எடையைக் கழித்துவிடலாம். ஒரு குட்டி 900 கிராம் இருக்கும், அதோடு பிறந்த கடைசிக் குட்டி 500 கிராம்தான் இருக்கும், இரண்டுக்கும் ஒரே அளவு ஊற்றக் கூடாது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டில் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் ஒரேயடியாக அடித்தால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், புழுவைவிட அது மோசம். பட்டினி போடவும் தேவையில்லை, முன்பு பேதி மருந்து கொடுத்த காலத்துப் பழக்கம் அது.

மறுநாள் மலத்தில் விரல் நீளத்துக்கு வெள்ளையாக, இரண்டு முனையும் கூராக, சில சமயம் உயிரோடு நெளிந்தபடியே வரும். பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒன்றுமே விழவில்லை என்றாலும் மருந்து பொய்யில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஸ் நிறமாக இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்து, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அது கொக்கிப்புழு. ரத்தம் உறிஞ்சுகிற ஜாதி, பாலிலும் வரும், தோலைத் துளைத்தும் ஏறும். பாலில் வந்த கொக்கிப்புழு முட்டை போட ஆரம்பிக்கும் முன்பே குட்டியை ரத்தசோகையில் சாய்த்துவிடும், அப்போது மலத்தைச் சோதித்தால் ஒன்றும் இல்லை என்றே வரும். இப்படிப்பட்ட குட்டிக்கும், பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிற குட்டிக்கும், வாந்தியும் ரத்தபேதியுமாக இருக்கிற குட்டிக்கும் வீட்டில் பூச்சி மருந்து ஊற்றிக்கொண்டு உட்காராதீர்கள், நேரே மிருகாசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் பக்கம் பஞ்சாயத்துக்கு ஒன்று என்கிற அளவுக்கு இருக்கிறது.

தோப்பு வீடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் நேரத்தில் நாய் எங்கே படுத்துக் கிடக்கும்? தென்னம்பாத்தியில் தண்ணீர் விட்ட ஈர மண்ணைத் தோண்டி அதற்குள்தான். கொக்கிப்புழுவின் குஞ்சுப்புழுவுக்கும் அதே இடம்தான் பிடிக்கும், ஈரம், நிழல், இளகிய மண். அந்தப் பாத்தியில் நாய் இருக்கவும் விட்டு, மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் காசு, மறுபக்கம் புழு என்று போய்க்கொண்டே இருக்கும். மலத்தைத் தினமும் எடுத்துக் குழியில் போட்டு மூடுங்கள். பையனுக்காகவும் இதையே சொல்கிறேன். உருண்டைப்புழு முட்டை மலத்தோடு விழுந்த அன்றைக்கே தொற்றாது, மண்ணில் இரண்டு முதல் நாலு வாரம் கிடந்து முற்றினால்தான் ஆபத்து, ஆனால் முற்றிவிட்டால் வருஷக்கணக்கில் சாகாது. குழந்தை அந்த மண் கையை வாயில் வைத்தால் குஞ்சுப்புழு கல்லீரலுக்கோ, அபூர்வமாகக் கண்ணுக்கோ போகும். ஆகவே அன்றன்றைக்கு அள்ளுவது, பையன் செருப்பில்லாமல் பாத்திக்குள் இறங்காமல் பார்ப்பது, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இவ்வளவு செய்தால் போதும். நாயைத் துரத்த வேண்டியதில்லை.

தாய் நாய்க்குக் குட்டிகளோடு சேர்த்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், அதுதானே குட்டிகளின் மலத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது. இதற்கு மாத்திரை. பிராசிகுவான்டெல், பைரன்டெல், ஃபெபன்டெல் மூன்றும் சேர்ந்த நாய் மாத்திரை வழக்கமாகப் பத்துக் கிலோவுக்கு ஒன்று. எடையை ஊகிக்காதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மிஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், வித்தியாசம்தான் நாய். 14 கிலோ வந்தால் ஒன்றரை மாத்திரை. பால் கொடுக்கிற நாய்க்கு இதைக் கொடுக்கலாம், சினையாக இருக்கும்போது மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், ஃபெபன்டெல் ஆரம்பச் சினைக்கு ஆகாது. மத்தி மீனுக்குள்ளோ, நெய்ச்சோற்று உருண்டைக்குள்ளோ வைத்தால் உங்கள் நாய் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடும். முதலில் ஒரு வெறும் உருண்டை, அடுத்தது மருந்து உருண்டை, உடனே இன்னொரு வெறும் உருண்டை என்று காட்டினால் மென்று பார்க்கிற நாயும் அவசரத்தில் முழுங்கும். குட்டி பால் மறந்த பிறகு தாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

அப்புறம் பூனை. பின்பக்கம் ஒட்டியிருப்பது நாடாப்புழுவின் துண்டு. காய்ந்தால்தான் அரிசி மாதிரி இருக்கும், புதிதாக விழுந்ததைப் பாருங்கள், வெள்ளரி விதை அளவில் மெல்லச் சுருங்கி விரிந்து நகரும். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. நாடாப்புழுவைக் கொல்வது பிராசிகுவான்டெல், அது நாய் மாத்திரையிலும் இருக்கிறது, கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கு இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் பூனைக்கு உருண்டைப்புழுவைக் கொல்ல வேண்டிய பைரன்டெல் அளவு, நாய்க்குக் கொடுப்பதைவிடக் கிலோவுக்கு நாலு மடங்கு கூட. நாய் மாத்திரையில் பாதியைக் கொடுத்தால் நாடாப்புழு சாகும், உருண்டைப்புழு தப்பித்துக்கொள்ளலாம். போதாததற்கு அதிலிருக்கிற ஃபெபன்டெல் அந்த மாத்திரையில் பூனைக்காகச் சேர்த்ததும் இல்லை. பூனைக்கென்றே பிராசிகுவான்டெல் 20, பைரன்டெல் 230 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை இருக்கிறது, நாலு கிலோவுக்கு ஒன்று. பாலக்காட்டுச் சித்தூரில் இல்லை என்றால் பொள்ளாச்சியில் கேளுங்கள், கேரளப்பக்கம் வாங்கினாலும் தமிழ்நாட்டுப்பக்கம் வாங்கினாலும் மருந்து ஒன்றுதான். சிரப்பைப் பைக் பெட்டியில் வெயிலில் வேகவைத்துக்கொண்டு வராமல் இருந்தால் சரி.

பூனைக்குக் கொடுப்பதுதான் பெரிய கூத்து. துண்டில் சுற்றி முகம் மட்டும் தெரியும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மேல்தாடையைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கி, நாக்கின் மேலே பின்கோடியில் மாத்திரையைப் போட்டு வாயை மூட வேண்டும். போட்டதும் சிரிஞ்சில் இரண்டு மூன்று மில்லி தண்ணீர் பக்கவாட்டில் விடுங்கள், வறண்ட மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். மாத்திரை வாய்க்குள் உடைந்தால் பூனை குடம் குடமாக நுரை தள்ளும், விஷம் ஏறிவிட்டது என்று பதற வேண்டாம், பிராசிகுவான்டெல் அவ்வளவு கசப்பு, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இதெல்லாம் நடக்காத பூனைக்குக் கழுத்துப் பின்புறம் சொட்டுகிற மருந்து உண்டு. வாங்கும்போது நாடாப்புழுவுக்கும் கேட்குமா என்று பார்த்து வாங்குங்கள், எல்லாம் கேட்காது.

மாத்திரை கொடுத்து மூன்று வாரத்தில் மறுபடி அரிசி தெரிந்தால் மருந்தைத் திட்டாதீர்கள், தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். அந்த நாடாப்புழுவின் குஞ்சு தெள்ளுப்பூச்சிக்குள் வளர்கிறது, பூனை முடியை நக்கும்போது பூச்சியை விழுங்குகிறது, மறுபடி முதலிலிருந்து. தோப்பு எலி பிடித்துத் தின்கிற பூனைக்கு எலி வழியாக வருகிற இன்னொரு ஜாதி நாடாப்புழுவும் உண்டு. தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனை மேல் தடவிவிடாதீர்கள், இழுப்பு வந்து செத்துப்போகும்.

கைவைத்தியம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். பூண்டு, வெங்காயம் இரண்டுமே நாய் பூனையின் ரத்த சிவப்பணுவை உடைக்கும், பூனைக்கு ரொம்பவே. கொட்டைப்பாக்கு விஷயம் கொஞ்சம் வேறு, பாக்கிலிருக்கிற அரிகோலின் ஒரு காலத்தில் நாய்க்கு நாடாப்புழு மருந்தாகவே இருந்தது, வாந்தியும் பேதியும் மயக்கமும் வந்ததால் நல்ல மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். தோட்டத்தில் பாக்கு மரம் இருக்கிறது என்று அரைத்துக் கொடுக்காதீர்கள், பூனைக்குச் சுத்தமாக ஆகாது. கறிக்கடையில் கொடுக்கிற பச்சை ஈரல், குடலையும் வேகவைத்தே போடுங்கள். ஆட்டு ஈரலில் இருக்கிற நீர்க்கட்டியைத் தின்கிற நாயிடமிருந்துதான் மனிதருக்கு ஹைடாடிட் கட்டி வருகிறது.

குட்டிகளுக்கு ஆறாவது வாரத்திலிருந்து தடுப்பூசி தொடங்குவார்கள், அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு டோஸ் முடிந்திருந்தால் நல்லது. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி. போகும்போது ஒரு சின்ன டப்பாவில் அன்று காலை போன மலத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள், வெயிலில் காய்ந்தது உதவாது. எந்த மருந்தை எந்தத் தேதியில் எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோனால் அங்கே இருக்கிற டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.