வாசகர் கேள்வி: உள்நாட்டுப் பேனல் நிபந்தனையும் முதலீட்டு ஒப்பந்தமும்

கேள்வி: உள்நாட்டில் செய்த சோலார் பேனலைத்தான் வாங்க வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் விதிக்கு எதிரானது என்கிறார்கள். அப்படி நிபந்தனை உள்ள திட்டத்தில் முதலீடு செய்து நஷ்டம் வந்தால் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: உலக வர்த்தக அமைப்பை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே வழக்காட அரசுகளுக்குத்தான் உரிமை. ஒரு நாடு ஜெயித்தால் விதி மாறும். முதலீட்டாளர் கைக்குப் பணம் வராது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2009-இல் கொண்டுவந்த திட்டத்தில் காற்றாலைக்கும் சோலாருக்கும் உள்நாட்டுப் பங்கு (கருவியில் ஒரு பகுதி உள்நாட்டில் செய்ததாக இருப்பது) கட்டாயம். ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் தொடுத்த வழக்குகளில் 2013-இல் கனடா தோற்றது. அரசுக் கொள்முதலுக்கு விலக்கு உண்டு என்ற வாதம் எடுபடவில்லை: அரசு வாங்கியது மின்சாரம், பாகுபாடு காட்டியதோ கருவியில். இதே காரணத்தால் இந்தியாவும் 2016-இல் தோற்றது. ஆனால் அதே ஒன்டாரியோ திட்டத்தை எதிர்த்து மேசா பவர் என்ற அமெரிக்க நிறுவனம், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையே அப்போது இருந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தப்படி நடுவர் மன்றம் போனபோது, இது அரசுக் கொள்முதல்தான் என்று 2016-இல் தீர்ப்பாகி, உள்நாட்டுப் பங்கு பற்றிய கோரிக்கை விழுந்துவிட்டது.

எனவே ஒப்பந்த வாசகம்தான் காப்பு. முதலில் வரையறையைப் பாருங்கள். ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்றால் மாட்யூல் (முழுப் பேனல்) மட்டுமா, அதற்குள் மின்சாரம் தரும் செல்லுமா, செல் செய்யும் சிலிக்கான் தகடான வேஃபருமா? இந்தியாவின் தேசிய சோலார் மிஷனில் முதல் சுற்றில் படிக சிலிக்கான் மாட்யூலுக்கும், அடுத்த சுற்றில் செல்லுக்கும் நிபந்தனை வந்தது. மெல்லிய படலத்தால் செய்யும் தின் ஃபிலிம் என்ற வேறு வகைப் பேனலுக்கு விலக்கு இருந்ததால் பலர் அதை இறக்குமதி செய்து நிறுவினார்கள். ஒரு சொல் விட்டுப்போனால் சந்தையே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்தது சட்ட மாற்றப் பிரிவு, அதாவது சட்டமோ வரியோ மாறினால் கூடுதல் செலவு யாருடையது என்று சொல்லும் பிரிவு. எந்தத் தேதிக்குப் பிறகு வரும் மாற்றம் கணக்கில் சேரும் என்பது டெண்டர் கடைசி நாளாக இருக்கட்டும், கையெழுத்து நாளாக வேண்டாம். விலையை நீங்கள் சொன்ன பிறகு வரும் மாற்றம் உங்கள் தலையில் விழக்கூடாது. சுங்க வரி, அனுமதிபெற்ற தயாரிப்பாளர் பட்டியல் (யாருடைய பேனலை வாங்கலாம் என்று அரசு வெளியிடுவது) இரண்டையும் பெயர் சொல்லிச் சேருங்கள். கூடுதல் செலவு கட்டண உயர்வாக வருமா, மொத்தத் தொகையாகவா என்பதும் எழுத்தில் வேண்டும்.

உள்நாட்டு ஆலையால் சரக்குத் தர முடியாமல் போனால் அபராதம் இல்லாத கால நீட்டிப்பு கேளுங்கள். பேனல் விற்பவரிடம் வரிசை எண் வாரியாகத் தயாரிப்புச் சான்று வாங்குங்கள். பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: வாரன்ட்டியில் மாற்றித்தரும் பேனலுக்கும் அதே நிபந்தனை பொருந்தும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவது.