பூங்காவில் எடுக்கும் பூச்சிப் படம் மங்கலாக வருகிறதா? லென்ஸ் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்

கேள்வி: என்னிடம் 18–55 லென்ஸோடு வந்த சாதாரண மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. பக்கத்துப் பூங்காவில் தேனீ, பொறிவண்டு, சின்னப் பூக்கள் இவற்றை எடுக்கப் பார்க்கிறேன். பூச்சி பொடியாக விழுகிறது, இன்னும் கிட்டே போனால் மங்கிவிடுகிறது. பழைய லென்ஸ் வாங்கி விற்கும் ஒருவர், 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) இல்லாமல் இதெல்லாம் நடக்காது, என்னிடமே ஒன்று இருக்கிறது என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். அவர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு லென்ஸைத் தள்ளிவிடப் பார்க்கிறார். பூச்சி பொடியாக விழுவது லென்ஸ் சம்பந்தப்பட்டது, அதற்குக் குறைந்த செலவில் வழி இருக்கிறது. லென்ஸ் ஃபோகஸ் செய்யக்கூடிய தூரத்தைத் தாண்டிக் கிட்டே போவதால் வரும் மங்கலும் அதே வழியில் தீரும். மிச்ச மங்கல் பெரும்பாலும் வெளிச்சமும் கை அசைவும் சம்பந்தப்பட்டது. 100 மி.மீ. மேக்ரோவை மாட்டினாலும் அந்த மங்கல் போகாது, உருவம் பெரிதாகும்போது அசைவும் சேர்ந்து பெரிதாவதால் இன்னும் கூடத்தான் செய்யும்.

முதலில் அளவு. 18–55 லென்ஸ்கள் எவ்வளவு கிட்டே போனாலும் பொருளின் உண்மை அளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லில்) பதிக்கும். இந்த லென்ஸோடு வரும் கேமராக்களில் சென்சாரின் அகலம் பெரும்பாலும் 23 மி.மீ. சொச்சம். 0.3 மடங்கு என்று வைத்துக்கொண்டால் படத்துக்குள் ஏறத்தாழ 78 மி.மீ. அகலம் விழுகிறது, 13 மி.மீ. நீளத் தேனீ அதில் ஆறில் ஒரு பங்குதான்.

இதற்கு எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெறும் வளையம் அது, உள்ளே கண்ணாடியே கிடையாது. மிரர்லெஸ் கேமராக்களுக்கு 10, 16 மி.மீ. என ஜோடியாக வரும். இரண்டையும் சேர்த்து மாட்டி ஜூமை 55-இல் வைத்தால் முக்கால் மடங்கு வரை கிடைக்கும், அதே தேனீ படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தொட்டுவிடும். ஜூமை 18-க்குத் திருப்பிவிட்டு ஒன்றுமே தெரியவில்லையே என்று பதறாதீர்கள், அங்கே ஃபோகஸ் விழும் இடம் லென்ஸுக்கு உள்ளேயே போய்விடுகிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வளையத்தின் உட்புறம் உலோகப் புள்ளிகள் இருக்க வேண்டும். அவை இல்லாத மலிவு டியூபில் கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளாது. அபர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி வரும் துளையை) மாற்ற முடியாது, மிரர்லெஸ் லென்ஸ் பலவற்றில் ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில் ஓடுவதால் அதுவும் வேலை செய்யாது.

டியூப் கேட்டுப் போனால் உங்கள் கையில் இன்னொன்றைத் திணிப்பார்கள். +1, +2, +4, +10 என்று நான்கு கண்ணாடிகள், ஒரு சின்னப் பை, லென்ஸின் முன்னால் திருகிக்கொள்ளலாம் என்பார்கள். வேண்டாம். ஒற்றைக் கண்ணாடியில் செய்தவை அவை, படத்தின் ஓரமெல்லாம் குழைந்து, இலை நுனியில் ஊதாக் கோடு ஓடும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால் கேட்கவே வேண்டாம். தவிர, 55 மி.மீ. லென்ஸில் +4 போட்டாலும் அது கூடுதலாகத் தருவது 0.22 மடங்குதான்.

ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் வீட்டில் வழியை வைத்துக்கொண்டே வெளியே தேடுகிறார்கள். 55–200, 55–250 மாதிரி ஒரு நீள ஜூம் உங்களிடமோ தெரிந்தவரிடமோ சும்மா கிடக்கிறதா? அப்படியென்றால் டியூபை விட்டுவிட்டு, இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த நல்ல க்ளோஸ்-அப் லென்ஸ் ஒன்றை (அக்ரோமேட் என்று கேளுங்கள்) அதன் முன்னால் மாட்டுங்கள். இந்தக் கண்ணாடியின் பலம் பின்னால் இருக்கும் லென்ஸின் குவிய நீளத்தை (அதன்மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை) பொறுத்தது. 55-இல் 0.22 மடங்கு தந்த அதே +4, 200 மி.மீ.-இல் 0.8 மடங்கு தரும், 250-இல் முழு அளவே வந்துவிடும். கணக்கு சுலபம்: லென்ஸின் மி.மீ.-ஐ டயாப்டர் எண்ணால் (+4 கண்ணாடி என்றால் 4) பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் +4 கண்ணாடிக்கும் பூச்சிக்கும் நடுவே 25 செ.மீ. இடைவெளி இருக்கும். டியூப் போட்ட 55-இல் பூச்சியை முட்டாத குறையாக நிற்க வேண்டியிருக்கும், இதில் ஒரு முழம் இல்லாவிட்டாலும் அரை முழம் தள்ளி நிற்கலாம். பட்டாம்பூச்சி, தட்டான் மாதிரி கூச்சமுள்ளவைக்கு இந்தத் தூரம் ரொம்ப உதவும், குளவிக்கும்தான். ஜூமின் முன்விட்டமும் கண்ணாடியின் விட்டமும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடி பெரிதாக இருந்தால் மாற்று வளையம் போட்டுக்கொள்ளலாம். இந்த வழியைச் சொன்னால் பெரிய லென்ஸ் விற்காது, அதனால் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

சரி, மங்கலுக்கு வருவோம். முக்கால் மடங்கில் அபர்ச்சரை எஃப்/8-இல் (இந்த எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்) வைத்து எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 1 மி.மீ. தேனீயின் கண் தெளிவாக விழுந்தால் இறக்கை நுனி விழாது. உடனே எல்லாரும் எஃப்/22-க்குப் போகிறார்கள். போகாதீர்கள். கிட்டே போகப் போக அபர்ச்சர் தானாகவே இன்னும் குறுகினது போல நடந்துகொள்ளும், எஃப்/16 என்று வைத்தது முக்கால் மடங்கில் எஃப்/28 மாதிரி ஆகிவிடும். அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறி, படம் முழுக்கவே மெத்தென்று ஆகும். எஃப்/8-க்கும் 11-க்கும் நடுவில் நின்றுகொண்டு, பூச்சியின் உடம்பு நீளவாக்கில் சென்சாருக்கு இணையாக வருகிற மாதிரி நீங்கள் நகருங்கள். தட்டானைப் பக்கவாட்டில் எடுத்தால் தலையிலிருந்து வால்வரை விழும். முகத்தை நேரே எடுப்பதென்றால் கண்ணை மட்டும் குறிவைத்து மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். தேவையான அளவில் ஃபோகஸை ஒருமுறை வைத்துவிட்டு, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, உடம்பை மெதுவாக முன்னே சாய்த்து, கண் தெளிவாகும் நொடியில் நாலைந்து படங்கள் தொடராக எடுங்கள்.

வெளிச்சம்தான் இதில் பாதி வேலை. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/250 வினாடியாவது வேண்டும், நிழலில் எஃப்/11 வைத்துக்கொண்டு அது நடக்காது. அதனால் புது லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஃபிளாஷுக்குக் கொடுங்கள். சக்தியை 1/16-க்கு இறக்கினால் அதன் ஒளி வெட்டி மறையும் நேரம் 1/5000 வினாடி அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும், கை நடுக்கமும் காற்றும் அதற்குள் ஒன்றும் செய்ய முடியாது. கேமராவின் தலையிலேயே எழும்பும் சின்ன ஃபிளாஷ் உதவாது, இவ்வளவு கிட்டத்தில் லென்ஸின் நிழலே பூச்சிமேல் விழும். ஃபிளாஷின் முன்னால் மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் தாளை வளைத்து, லென்ஸ் நுனிவரை நீட்டிக் கட்டுங்கள். தாள் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக ஒளி விழும். பொறிவண்டின் முதுகைப் பாருங்கள், தாள் இல்லாவிட்டால் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி குத்தும், தாள் இருந்தால் வளைவு முழுக்கச் சிவப்பு தெரியும்.

காலையில் போங்கள். பூச்சிகளின் உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது, வெயில் ஏறும்வரை மந்தமாக உட்கார்ந்திருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், தாழ்வாக, நேர்க்கோட்டில் மெதுவாக நெருங்குங்கள். தட்டான் பறந்துவிட்டால் துரத்தாதீர்கள், பல வகைகள் அதே குச்சிக்கே திரும்பி வரும். பூவைக் காற்று ஆட்டினால் இடது கையின் இரண்டு விரல்களால் தண்டைப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸைத் தாங்கிக்கொள்ளுங்கள். பூவும் லென்ஸும் சேர்ந்தே ஆடும், நடுவில் இருக்கும் தூரம் மாறாது. செடியை ஒடிக்காதீர்கள், பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். இலையின் அடிப்பக்கம் பார்க்க மறக்காதீர்கள், அசுவினிக் கூட்டமும் அதன் இனிப்புச் சொட்டுக்காகக் காவல் நிற்கும் எறும்புகளும் அங்கேதான் இருக்கும், அவை எங்கேயும் ஓடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பூச்சிகளைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போகிறவர்களில் சிலர், பூச்சியை முன்கூட்டியே பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து விறைக்கவைத்துக் கொண்டுவருகிறார்கள், பசை போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. அசையாத பூச்சியும் பளிச்சென்ற நீர்த்துளிகளும் எந்த நேரத்திலும் தயாராக இருந்தால் சந்தேகப்படுங்கள், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஒரு உயிரை வதைத்து எடுத்த படம் யாருக்கும் வேண்டாம்.

அப்புறம் பூங்கா அனுமதி. பல இடங்களில் கைபேசியில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கவிடுவார்கள், அதே பூவை லென்ஸ் மாற்றும் கேமராவில் எடுத்தால் வியாபாரப் படப்பிடிப்பா என்று நிறுத்துவார்கள். இந்தக் காலத்தில் கைபேசியிலேயே விளம்பரப் படம் எடுக்கிறார்கள், விதி எழுதியவர்களுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை. முக்காலிதான் அவர்கள் கண்ணை முதலில் உறுத்தும், மேலே சொன்ன முறைக்கு முக்காலியே தேவையில்லை, விட்டுவிட்டுப் போங்கள். நுழைவாயில் பலகையைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் அலுவலகத்தில் நேராகக் கேட்டு, கட்டணம் இருந்தால் ரசீதோடு கட்டுங்கள். வாசலில் நின்று அனுமதி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

ஒரு பருவம் முழுக்க டியூபும் ஃபிளாஷும் வைத்து எடுத்த பிறகும், பூச்சி பறந்துவிடுகிறது, தூரம் போதவில்லை என்பதுதான் குறை என்றால், அப்போது 100 மி.மீ. மேக்ரோ நியாயமான செலவு. அன்றைக்கு அந்த லென்ஸைப் பார்க்கப் போனால், 1:1 என்ற எண் (பொருள் உண்மை அளவிலேயே சென்சாரில் பதியும் என்று அர்த்தம்) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மேக்ரோ என்று பொறித்த ஜூம்கள் பல 1:4-லேயே நின்றுவிடும். கைவிளக்கை லென்ஸின் பின்னாலிருந்து அடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கிறதா பாருங்கள், உங்கள் கேமராவிலேயே மாட்டி எஃப்/11-இல் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.