தீபாவளிக்கு யூனிட் மூடும்போது லீவை எப்படிப் பிரிப்பது?

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட், நாற்பது பேர், தீபாவளிக்கு ஐந்து நாள் மூடல், யாருக்கு எத்தனை நாள் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஊர்வாரியாகப் பிரியுங்கள். தென்மாவட்டத்துக்காரருக்கு ஐந்து நாள் போதும். பீகார்க்காரருக்குப் போதாது. அவர்களுக்குப் பெரிய பண்டிகை சத் பூஜை, அது தீபாவளி கழிந்து ஆறாம் நாள். ரயிலிலேயே போக வர நாலைந்து நாள் போய்விடும். 'ஐந்தாம் நாள் வந்துவிடு' என்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், வரமாட்டார்கள். அது அவர்கள் தப்பில்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, அதற்குள் தேதியைச் சொல்லிவிடுங்கள். திரும்பும் டிக்கெட் தேதியை நோட்டில் அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். எந்த நாளில் எத்தனை டெய்லர் இருப்பார்கள் என்று அப்போதே தெரிந்துவிடும், ஷிப்மெண்ட் தேதியை அதை வைத்து ஒப்புக்கொள்ளலாம்.

மூடிய நாட்களிலும் இரண்டு பேராவது வேண்டும். ஐப்பசி மழையில் ஷீட் ஒழுகி, துணி ரோல் அடியிலிருந்து ஈரம் ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். வாட்ச்மேனோடு ஒரு உள்ளூர்க்காரர் தினம் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

அப்புறம் சம்பளம். 1958-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பண்டிகை விடுமுறைச் சட்டப்படி, அறிவித்த விடுமுறை நாளில் வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுப்பு. எது வேண்டும் என்பது அவர் விருப்பம், முதலாளி விருப்பமல்ல. தீபாவளிக்கு நின்றவருக்குப் பொங்கலில் முதல் உரிமை கொடுங்கள்.