ஹீலா செல்கள் உருண்டையாகப் பளபளக்கின்றன, செத்துவிட்டனவா? படத்தை வைத்து கல்ச்சரின் தரத்தை எப்படிச் சொல்வது?

நீங்கள் லேபுக்குப் புதிது, ஹீலா (கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்த மனித செல் வகை) வளரும் டி-25 ஃபிளாஸ்கை (25 சதுர செ.மீ. தரையுள்ள சின்னக் குடுவை) சீனியரிடம் காட்டியிருப்பீர்கள், அவர் "ஹெல்தியாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

முதலில் உருண்டை. பிரியப்போகும் செல் தரையில் பிடியைத் தளர்த்தி உருளும். ஃபேஸ் கான்ட்ராஸ்டில் (சாயம் போடாமலே செல்லைத் தெளிவாகக் காட்டும் மைக்ரோஸ்கோப் முறை) அதைச் சுற்றி வெள்ளை வளையம் பளிச்சென்று தெரியும். ஹீலா இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதில் மைட்டோசிஸ், அதாவது செல் இரண்டாகப் பிரியும் கட்டம், சுமார் ஒரு மணி நேரம். கணக்குப் போட்டால், நன்றாகப் பெருகும் ஃபிளாஸ்கில் எப்போது பார்த்தாலும் 100 செல்லுக்கு மூன்று நாலு உருண்டையாக இருக்கும். ஒன்றுகூட இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். 20எக்ஸ் அப்ஜெக்டிவ் (20 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்) போட்டு ஃபோகஸைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். நடுவில் கறுப்புப் பட்டை தெரிந்தால் குரோமோசோம்கள் வரிசைகட்டி நிற்கின்றன என்று அர்த்தம். செத்த செல் சுருங்கி, உள்ளே மணல்மணலாக, ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். ஃபிளாஸ்கை லேசாகச் சாய்த்தால் மிதந்து போகும். ஓங்கித் தட்டாதீர்கள், பிரிகிற செல்லும் கழன்று வந்துவிடும். செல் சுழற்சியை ஆராய்பவர்கள் அப்படித் தட்டித்தான் அவற்றைத் தனியாகச் சேகரிக்கிறார்கள். இன்னொன்று, டிரிப்சின் (செல்லைத் தரையிலிருந்து கழற்றும் என்சைம்) போட்டுப் புது ஃபிளாஸ்கில் விட்ட முதல் சில மணி நேரம் எல்லாமே உருண்டைதான். 24 மணி நேரம் கழித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

செல்லைக் குறை சொல்வதற்கு முன்னால் மைக்ரோஸ்கோப்பைப் பாருங்கள். அப்ஜெக்டிவ் மேல் பிஎச்1 (ஃபேஸ் வளையத்தின் அளவைக் குறிக்கும் எண்) என்று இருந்தால், கன்டென்ஸர் (ஒளியைச் செல் மேல் குவிக்கும் பகுதி) ஸ்லைடரும் பிஎச்1-இல் இருக்க வேண்டும். ஒரு ஐபீஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சென்டரிங் டெலஸ்கோப் (வளையங்களைப் பார்க்க உதவும் சின்னக் குழாய்) வைத்து அதன் வழியாகப் பார்த்தால் ஒரு வெளிச்ச வளையமும் ஒரு கறுப்பு வளையமும் தெரியும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். விலகியிருந்தால் நல்ல செல்கூட சாம்பல் நிறத்தில் தட்டையாகவோ ஒருபக்கம் நிழல் விழுந்தாற்போலவோ தெரியும். கோடிக்கணக்கில் செலவழித்து கன்ஃபோகல் (லேசர் மைக்ரோஸ்கோப்) வாங்கும் துறைகளில்கூட, கல்ச்சர் ரூமில் இந்தச் சின்னக் குழாய் எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முழிப்பார்கள். டிராயரில் பாக்கெட் பிரிக்காமலேயே கிடக்கும். பல்பு ஃபியூஸ் போனால் மாற்றுவதற்கு மூன்று கையெழுத்து. சரி, அது வேறு புலம்பல்.

96 குழி பிளேட்டில் ஒவ்வொரு குழியின் ஓரத்துச் செல்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மீடியாவின் (செல் வளரும் திரவம்) மேற்பரப்பு சுவரோரம் வளைந்து ஒளியை விலக்கிவிடும். ஃபேஸ் நடுவில் மட்டும்தான் ஒழுங்காகக் கிடைக்கும்.

படம் எடுக்கும்போது 4எக்ஸில் முழு ஃபிளாஸ்கையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு 10எக்ஸுக்குப் போங்கள். மூலைகளை ஒட்டி நாலு, நடுவில் ஒன்று என்று இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அழகான இடத்தைத் தேடிப் போனால் எல்லா ஃபிளாஸ்கும் அருமையாகத்தான் இருக்கும். ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு தினமும் ஒரே அமைப்பில் எடுங்கள், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், கோப்பின் பெயரிலேயே பாஸேஜ் எண்ணும் (எத்தனை முறை புது ஃபிளாஸ்குக்கு மாற்றியது) செல் விட்டு எத்தனை மணி நேரம் என்பதும் இருக்கட்டும். நேற்றைய படம் பக்கத்தில் இல்லாமல் இன்றைய படத்துக்குப் பெரிய மதிப்பில்லை. வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த படத்தை நீட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கன்ஃப்ளூயன்ஸை, அதாவது தரையில் எத்தனை சதவீதத்தைச் செல் மூடியிருக்கிறது என்பதை, கண்ணால் சொன்னால் ஒருவர் 60 என்பார், அடுத்தவர் 80 என்பார். ஃபிஜியில் (இலவசப் பட ஆய்வு மென்பொருள்) நேராக த்ரெஷோல்ட் (வெளிச்ச அளவை வைத்துப் பிரிப்பது) போட்டால் வேலைக்காகாது, ஏனென்றால் செல்லின் உள்பகுதியும் வெற்றிடமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். முதலில் வேரியன்ஸ் ஃபில்டர் (வெளிச்சம் அதிகம் மாறும் இடங்களை எடுத்துக்காட்டுவது), பிறகு த்ரெஷோல்ட். வெள்ளை வளையமும் செல் கணக்கில் சேர்ந்துவிடுவதால் எண் கொஞ்சம் கூடத்தான் வரும். தினமும் ஒரே மாதிரி செய்தால் ஒப்பிடுவதற்குப் போதும். 70-80 சதவீதத்தில் பாஸேஜ் செய்துவிடுங்கள்.

"மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே போதுமா?" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: போதாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் கண்ணில் படும். அதிலும் நின்ற இடத்திலேயே துடிக்கும் புள்ளி வெறும் தூசாக இருக்கலாம். சில மணி நேரத்தில் பெருகினால் அது உயிருள்ளது. மைக்கோபிளாஸ்மா (செல்சுவர் இல்லாத மிகச் சிறிய பாக்டீரியா) ஃபேஸில் தெரியாது, மீடியாவையும் கலங்க வைக்காது. அதற்கு பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை), அல்லது டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் ஹெக்ஸ்ட் சாயம் போட்டு நியூக்ளியஸுக்கு வெளியே புள்ளிகள் மினுக்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். எந்த செல் லைன் என்பதையும் உருவத்தை வைத்து உறுதி செய்ய முடியாது. குரல்வளைப் புற்று செல் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்ட ஹெப்-2 உண்மையில் ஹீலாதான். அதற்கு வழக்கமான வழி எஸ்டிஆர் சோதனை, அதாவது செல்லின் டிஎன்ஏ ரேகையைப் பார்ப்பது.

உங்கள் ஃபிளாஸ்கில் உருண்டைகள் 100-க்குப் பத்தைத் தாண்டி, பட்டையும் தெரியவில்லை என்றால் டிரிபான் ப்ளூ (செத்த செல்லுக்குள் புகுந்து நீலமாக்கும் சாயம்) பாருங்கள். 10 மைக்ரோலிட்டர் செல், 10 மைக்ரோலிட்டர் 0.4 சதவீதச் சாயம், கலந்து ஐந்து நிமிடத்துக்குள் எண்ணிவிடுங்கள். தாமதித்தால் உயிருள்ள செல்லும் நீலமாகத் தொடங்கும். பழைய மீடியாவைக் கொட்டிவிடாமல் அதில் மிதப்பதையும் டிரிப்சினில் கழன்றதையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுங்கள். இல்லையென்றால் செத்ததையெல்லாம் ஊற்றிவிட்டு 95 சதவீதம் உயிரோடு இருக்கிறது என்று நோட்டில் எழுதுவீர்கள்.