ஏற்காட்டுக் குறும்படத்துக்கு எந்த கேமரா?

லென்ஸ் மாற்ற முடியாத 1 இன்ச் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) கேமராவா, பிளாக்மேஜிக் பாக்கெட் 4கேவா என்று கேட்டிருந்தீர்கள். கதையில் பாதி, பொழுது சாயும் நேரத்தில் காப்பித் தோட்டத்துக்குள் நடக்கிறது. சில்வர் ஓக் நிழலில் வெளிச்சம் சீக்கிரமே மங்கிவிடும். அதனால் பாக்கெட்தான் என் ஓட்டு. சென்சார் பெரிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் வாங்கும்; அதன் சென்சார் அகலம் கிட்டத்தட்ட 19 மி.மீ. 1 இன்ச் என்பது வெறும் 13.2 மி.மீ.தான், இன்ச் எல்லாம் பெயரில் மட்டும்! பாக்கெட்டில் நேட்டிவ் ஐஎஸ்ஓ, அதாவது படம் சுத்தமாகக் கிடைக்கும் ஒளி உணர்திறன் அளவு, 400, 3200 என இரண்டு. இருட்டில் அந்த 3200 கைகொடுக்கும். 25 மி.மீ. எஃப்1.7 பிரைம் (ஜூம் இல்லாத, வெளிச்சம் நிறைய விடும் லென்ஸ்) ஒன்றே முக்கால்வாசி ஷாட்டுக்குப் போதும். பனிமூட்டத்தில் மட்டும் லென்ஸைக் கழற்றாதீர்கள்.

ஒரே குறை, பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதி) கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிக்குள் கையில் பிடித்து எடுப்பதுதான் அதிகம் என்றால், சரி, அந்தச் சின்ன கேமராவையே எடுங்கள். அப்புறம், எதுவானாலும் சேலத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.