எல்லாம் முன்குறிக்கப்பட்டிருந்தால் நான் செபிப்பது எதற்கு?

கேள்வி: உரோமையர் 8:29-30 வாசித்ததிலிருந்து மனம் கலங்கியிருக்கிறது. கடவுள் முன்குறித்தவர்களை, அதாவது முன்கூட்டியே தேர்ந்துகொண்டவர்களை, அழைக்கிறார் என்கிறது. நானோ ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். அவர் என்னைத் தேர்ந்துகொள்ளவில்லை என்றால் செபமும் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதும்) எதற்கு?

பதில்: முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். நரகத்துக்கென்று கடவுள் யாரையும் முன்குறிப்பதில்லை. 529-இல் பிரான்சின் ஒராஞ்சு நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் அப்படிப்பட்ட கருத்தைக் கடுமையாக மறுத்தது. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் (எண் 1037) அதையே சொல்கிறது. எல்லாரும் மீட்புப் பெற வேண்டும் என்பதே அவர் விருப்பம் (1 திமொத்தேயு 2:4).

சரி, அப்படியானால் முன்குறித்தல் என்பது என்ன? காலத்தின் தொடக்கத்தில் உட்கார்ந்து கடவுள் ஒரு பட்டியல் எழுதினார் என்று நினைப்பதில்தான் குழப்பமே. அவருக்கு முன், பின் என்பது இல்லை. எல்லா நொடிகளும் அவர் முன் நிகழ்காலமாகவே இருக்கின்றன. அதனால் அவரது நித்தியத் திட்டத்தில் ஒவ்வொருவரும் சுதந்திரமாகத் தரும் பதிலும் அடங்கியிருக்கிறது (மறைக்கல்வி நூல், எண் 600). உங்கள் செபம் அந்தத் திட்டத்தின் உள்ளேயே இருக்கிறது.

ஆனால் கடவுள் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவர் அல்ல. அருள் தந்து நம்மை அசைக்கிறவர். அப்புறம் நம் சுதந்திரம் எங்கே? குழந்தை 'அம்மா' என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். தாய் மாதக்கணக்கில் பேசிப் பேசித்தான் அந்தச் சொல் வந்தது. ஆனாலும் அதைச் சொன்னது குழந்தைதான். பாதி தாய், பாதி குழந்தை என்று பங்கு பிரிக்க முடியாது. தாய் வெளியே நின்று பேசுகிறாள். கடவுளோ விருப்பத்தின் உள்ளேயே செயல்படுகிறார். அவர் விருப்பத்தை அசைக்கும்போது அதன் இயல்பைக் கெடுப்பதில்லை, அது விருப்பமாகவே அசைகிறது என்பது இடைக்கால இறையியலாளர் புனித தோமா அக்குவினாரின் விளக்கம். அருள் இல்லாமல் நாம் தொடங்கவே முடியாது. அருள் அசைத்தாலும் நம்மால் மறுக்க முடியும். 1547-இல் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் இந்த இரண்டையும் சேர்த்தே கற்பித்தது.

இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதில் தோமினிக் சபையின் பானேசு, இயேசு சபையின் மொலினா என்ற இரு இறையியலாளர்கள் வேறுபட்டார்கள். பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தத் தரப்பையும் கண்டிக்காமல் விட்டார். ஆகவே நீங்கள் எந்த விளக்கத்தை ஏற்றாலும் தவறில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். மறைபொருளை மறைபொருளாகவே விட்டுவைக்கும் பணிவு அதில் இருக்கிறது.

செபத்தைப் பற்றியும் அக்குவினார் தெளிவாகச் சொல்கிறார்: கடவுளின் திட்டத்தை மாற்றுவதற்காக நாம் செபிப்பதில்லை, செபத்தின் வழியாகத் தர அவர் திட்டமிட்டதைப் பெறவே செபிக்கிறோம். விதைப்பது விளைச்சலுக்கு வழியாவதுபோல.

'நான் தேர்ந்துகொள்ளப்பட்டவனா?' என்று துருவிப் பார்ப்பதை நிறுத்துங்கள். கடவுளே தனிப்பட வெளிப்படுத்தினாலன்றி அதை யாரும் அறிய முடியாது என்றும் திரெந்து சங்கம் சொல்லியிருக்கிறது. மனந்திரும்ப வேண்டும் என்று உங்களுக்குள் எழும் அந்த ஆசை, நீங்களாக வரவழைத்தது அல்ல. அருள் ஏற்கெனவே உங்களிடம் வேலை செய்கிறது. இந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். மறுபடி விழுந்தால் மறுபடியும் போங்கள்.